கேளாச் செவியும் கேட்கும் உரிமையும்

நுழையும்முன்

நோயறிதலும் மருந்தளித்தலும் மட்டும் மருத்துவம் ஆகா. நோய் இன்னது, மருந்தை உண்ணும் முறை இன்னது, தவிர்க்க வேண்டியது இன்னது என்று நோயுற்றவர் அறிந்துகொள்ளும்போதுதான் மருத்துவம் நிறைவு பெறுகிறது. அவ்வறிவு பெரும்பாலும் பேச்சின் வழியாகவே வந்து சேர்கிறது. பேச்சைக் கேட்க இயலாதவரிடம் அதனை எவ்வாறு கொண்டு சேர்ப்பது? இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. செவியால் கேட்டு அறிவது ஒன்று. ஐயத்தை வினவுவது மற்றொன்று. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய 'கேள்வி', கேட்டறிதலைச் செல்வமாகவே போற்றுகிறது. மருத்துவரின் அறையில் இவ்விரு பொருள்களும் ஒன்றாகக் கூடுகின்றன. மருத்துவர் சொல்வதைக் கேட்கிறோம். புரியாததைத் திருப்பிக் கேட்கிறோம். முதலாவது தடைபட்டால் இரண்டாவதும் தடைபடும். செவித்திறன் குறையுடையவர், மருத்துவமனையில் செய்தியை மட்டும் இழப்பதில்லை. வினவும் வாய்ப்பையும் இழக்கிறார்.

காத்திருப்போர் கூடத்தில்

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லாத ஒரு பெண், தையல் தொழில் செய்து பிழைப்பவர், வயிற்றுவலிக்காக மருத்துவமனைக்கு வருகிறார். புறநோயாளிகள் பிரிவில் சீட்டு வாங்கிக்கொண்டு அமர்கிறார். பெயர்களை உரக்கக் கூவி அழைக்கிறார்கள். அவர் பெயரும் அழைக்கப்படுகிறது, அவருக்குத் தெரியவில்லை. அடுத்தவர் உள்ளே செல்கிறார். இவ்வாறு நேரும் என்று அறிந்திருப்பதால்தான், எட்டாம் வகுப்புப் படிக்கும் தம் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் உடன் அழைத்து வருவதை அவர் வழக்கமாக வைத்திருக்கிறார்.

பரிசோதனை முடிகிறது. மருத்துவர் தாயைப் பார்ப்பதில்லை. சிறுமியைப் பார்த்தே பேசுகிறார். "அம்மாவுக்குக் கருப்பையில் ஒரு கட்டி இருக்கிறது. பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். அறுவை செய்து எடுத்துவிடலாம். பயப்பட வேண்டாம் என்று சொல்லம்மா" என்கிறார். பதின்மூன்று வயதுச் சிறுமிக்குக் 'கருப்பை' என்பதற்கான சைகை தெரியாது. 'பெரும்பாலும்', 'சாதாரண' என்னும் சொற்களின் நுட்பத்தை அவள் எப்படிக் கையால் உணர்த்துவாள்? "வயிற்றில் கட்டி, வெட்ட வேண்டும்" என்று மட்டும் காட்டுகிறாள். தாயின் முகம் வெளிறுகிறது. எத்தனை நாள் மருத்துவமனையில் தங்க வேண்டும், மீண்டும் தையல் இயந்திரத்தில் அமர எவ்வளவு காலம் ஆகும், உயிருக்கு ஆபத்து உண்டா என்னும் வினாக்கள் அவர் மனத்தில் எழுகின்றன. அவற்றை மகளிடம் கேட்க அவர் விரும்பவில்லை. குழந்தையை அச்சுறுத்தக் கூடாது என்று எண்ணி, புரிந்ததுபோலத் தலையசைக்கிறார். மருத்துவரும் மனநிறைவோடு அடுத்தவரை அழைக்கிறார்.

இங்கே யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. மருத்துவரின் சொற்களில் கனிவு இருந்தது. ஆயினும் தம் உடலைப் பற்றிய செய்தி உரியவரைச் சென்று சேரவில்லை.

ஒரு பெயர், பல நிலைகள்

உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் எனப் பதிவு செய்தது.

இவர்கள் அனைவரும் ஒரே நிலையில் உள்ளவர்கள் அல்லர். பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லாமல் சைகை மொழியை முதன்மொழியாகக் கொண்டோர் ஒரு பிரிவினர். பேசவும் எழுதவும் கற்றபின் நோயினாலோ விபத்தினாலோ கேட்கும் திறனை இழந்தோர் மற்றொரு பிரிவினர். முதுமையால் செவிப்புலன் மங்கியோர் இன்னொரு பிரிவினர். அறுபது வயதைக் கடந்தோரில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவிற்குக் கேட்கும் திறனை இழந்துள்ளனர். நம் வீட்டுத் தாத்தா பாட்டியர் பலரும் இப்பிரிவில் அடங்குவர்.

முதியவர்கள், "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்பதுதான் விளங்கவில்லை" என்று கூறக் கேட்டிருப்போம். முதுமையில் உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. சொற்களை வேறுபடுத்திக் காட்டும் மெய்யொலிகள் பல அவ்வகையைச் சார்ந்தவை. ஆகவே குரல் காதில் விழும், சொல் விளங்காது. அவர்களிடம் கத்திப் பேசுவதால் பயனில்லை. கத்தும்போது ஒலியும் சிதைகிறது. வாயின் வடிவமும் சிதைகிறது. முகத்திற்கு நேராக நின்று, நிறுத்தி, தெளிவாகப் பேசுவதும், முதன்மையானவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதும் அவர்களுக்கு ஏற்றவை. சைகை மொழியையே முதன்மொழியாகக் கொண்ட தையற்காரப் பெண்ணுக்கோ இவை போதா. எனவே, "உங்களுக்கு எவ்வாறு சொன்னால் எளிதாக இருக்கும்?" என்று அவரிடமே கேட்டறிவதுதான் முதற்பணி.

உதட்டசைவு போதுமா?

செவித்திறன் குறையுடையோர் உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வர் என்று பலர் நம்புகின்றனர். நாம் படித்த எழுத்துகளின் பிறப்பிலக்கணமே இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க உதவும். ப், ம் ஆகிய இரண்டும் மேலுதடும் கீழுதடும் பொருந்துவதால் பிறப்பவை என்கிறது நன்னூல். ஒன்று வல்லினம், மற்றொன்று மெல்லினம். அவ்வேறுபாட்டைச் செவி உணரும், கண் உணராது. கண்ணாடியின் முன்நின்று ஒலி எழுப்பாமல் 'மருந்து' என்றும் 'பருந்து' என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

க், ங் போன்றவை நாவின் அடிப்பகுதி மேலண்ணத்தின் அடிப்பகுதியைப் பொருந்துவதால் பிறக்கின்றன. அவை வாயினுள்ளேயே பிறந்துவிடுவதால் வெளியே தெரிவதில்லை. 'காலை', 'நாளை' என்னும் சொற்களில் உதடுகளின் அசைவு ஏறத்தாழ ஒன்றே. "நாளை வாருங்கள்", "காலை வாருங்கள்" என்பவற்றுள் எது சொல்லப்பட்டது என்று ஊகித்தே அறிய வேண்டும். அன்றாடப் பேச்சில் ஊகம் தவறினால் சிரித்துக் கடந்துவிடலாம். மருந்தின் அளவிலும் வேளையிலும் ஊகம் தவறினால் அது உடலைத் தாக்கும். பேசுபவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே பேசினாலோ, சாளரத்திற்கு முதுகு காட்டி நின்று முகத்தில் நிழல் படிந்தாலோ, ஊகத்திற்கும் இடமில்லை. கொரோனாப் பெருந்தொற்றின்போது அனைவரும் முகக்கவசம் அணிந்தனர். அதனால் உதட்டசைவையும் முகக்குறிப்பையும் நம்பி வாழ்ந்தோர்க்கு எஞ்சியிருந்த அந்த வழியும் அடைபட்டது.

எழுதிக் காட்டினால் போதாதா?

பேச்சுத் தமிழைக் கேட்டு வளர்ந்த குழந்தை, தான் முன்பே அறிந்த சொற்களுக்குரிய எழுத்தைப் பள்ளியில் கற்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அச்சொற்களே புதியவை. ஒலியைக் கேட்காமலே எழுத்துத் தமிழைக் கற்பது, ஒருமுறையும் கேட்டிராத ஓர் அயல்மொழியைப் படித்தறிவதற்கு ஒப்பானது. அத்தடையைக் கடந்து மிகச் சிறப்பாக எழுதுவோர் உள்ளனர். ஆனால் எல்லோர்க்கும் அவ்வாய்ப்பு அமைவதில்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, கேளாதோர் பள்ளிகளில் சைகை மொழியை விலக்கிப் பேச்சுப் பயிற்சியையே முதன்மைப்படுத்த வேண்டும் எனத் தீர்மானித்தது. அதன் தாக்கம் உலகெங்கும் பல தலைமுறைகள் நீடித்தது. 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மாநாடே அத்தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது.

சைகை மொழி என்பது பேச்சுமொழியின் சொற்களைக் கையால் எழுதிக் காட்டுவதன்று. அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு. இந்தியச் சைகை மொழியில் வினாச்சொல்லும் எதிர்மறையும் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். புருவத்தின் உயர்வும் முகத்தின் குறிப்பும் அதன் இலக்கண உறுப்புகள். ஆகவே அம்மொழியில் வளர்ந்தவருக்கு, "உணவுக்குப்பின் உட்கொள்ளாமல் இருப்பின் பக்கவிளைவுகள் ஏற்படக்கூடும்" என்னும் நீண்ட தொடரைவிட, உணவுத்தட்டு, அதனை அடுத்து மாத்திரை என வரைந்த படம் தெளிவாக இருக்கும்.

பழகிய சொல்லும் வழிதவறச் செய்யலாம். பரிசோதனை முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால் நோய் உள்ளது என்பது பொருள். அச்சொல்லை 'நல்லது' என்னும் பொருளில் மட்டும் அறிந்த ஒருவர், மகிழ்ச்சியோடு வீடு திரும்பக்கூடும். "நோய் உள்ளது", "நோய் இல்லை" என்று நேராக எழுதுவதே முறை.

காற்றில் கலந்து வரும் அறிவு

நாம் நலவாழ்வு பற்றி அறிந்தவற்றில் பெரும்பகுதி யாரும் நமக்கென்று சொல்லித் தந்ததன்று. பேருந்தில் இருவர் பேசிக்கொண்டது, தேநீர்க்கடை வானொலியில் ஒலித்தது, சொட்டு மருந்து முகாமுக்காகத் தானியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தது எனப் பலவும் நம் காதில் தற்செயலாக விழுந்தவை. செவித்திறன் அற்றவருக்கு இக்கொடை இல்லை.

வீட்டினுள்ளும் இந்நிலையே. இரவு உணவின்போது, "உன் பாட்டனுக்கும் இப்படித்தான் சர்க்கரை நோய் வந்தது" என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். சிரிப்பும் பேச்சும் வேகமாகச் செல்கின்றன. கேளாத பிள்ளை, "என்ன?" என்று கேட்கிறது. "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்" என்று விடை வருகிறது. அந்தப் 'பிறகு' வருவதேயில்லை. ஆண்டுகள் சென்றபின், "உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் உண்டா?" என்று மருத்துவர் வினவும்போது அவருக்கு விடை தெரிவதில்லை. இது அறிவுக்குறை அன்று. செய்தி மறுக்கப்பட்டதன் விளைவு.

இடையில் நிற்பவர் யார்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கேட்கும் திறனற்ற பெண் ஒருவர் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகளை ஈன்றார். சைகைமொழி பெயர்ப்பாளர் உடன் இல்லை. மகப்பேற்றின்போது, ஒரு குழந்தையின் இதயத்துடிப்புக் குறைந்துவிட்டதைச் செவிலியர் கையசைவுகளால் உணர்த்தினார். பிறந்த உடனே குழந்தைகள் தாயிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் நலமாக உள்ளனர் என்னும் சிறு குறிப்பைத் தவிர வேறு விளக்கம் தாய்க்குத் தரப்படவில்லை.

மருத்துவமனைகளில் சைகைமொழி பெயர்ப்பாளர்க்கு அரசு நிதி வழங்காதது சமத்துவ உரிமைக்கு முரணானது என்று அவரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தனர். எல்லோர்க்கும் ஒரே மருத்துவச் சேவையே வழங்கப்படுகிறது. எனவே வேறுபாடு காட்டப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். 1997இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கருத்துப் பரிமாற்றம் மருத்துவத்தோடு சேர்த்து வழங்கப்படும் சலுகை அன்று. அது மருத்துவத்தின் பிரிக்க முடியாத பகுதி என்று தீர்ப்பளித்தது. பேச்சு புரியாத இடத்தில் ஒரே சேவை சமமான சேவை ஆகாது என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

உறவினரே மொழிபெயர்த்தால் போதாதா என்னும் ஐயம் எழலாம். உறவினரின் துணை வேண்டாம் என்பதன்று. அவரை மட்டுமே நம்பியிருப்பதில்தான் இடர் உள்ளது. அன்பின் காரணமாகவே அவர் சிலவற்றை மறைப்பார், பலவற்றைச் சுருக்குவார். மனநலம், மகப்பேறு, குடும்பத்தில் நேரும் வன்முறை போன்றவற்றை உறவினர் முன்னிலையில் பேச இயலாது. குழந்தைகளை இப்பணியில் ஈடுபடுத்தினால், தாங்கக்கூடாத சுமையை அவர்கள்மீது ஏற்றுகிறோம். பயிற்சி பெற்ற சைகைமொழி பெயர்ப்பாளரோ எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லவும், அறிந்ததை வெளியிடாமல் காக்கவும் கடமைப்பட்டவர். அவர் நேரில் வர இயலாத இடத்தில், காணொலி அழைப்பின் வழியாகவும் பணியாற்ற முடியும்.

தெரிந்து தெளிவோம்

* மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016: பேச்சு அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 70 டெசிபல் இழப்பு உடையோரைக் கேளாதோர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உடையோரைக் கேட்கும் திறன் குறைந்தோர் என்றும் வரையறுக்கிறது. இயல்பான உரையாடலின் ஒலியளவு ஏறத்தாழ 60 டெசிபல்.
* இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் புதுதில்லியில் நிறுவப்பட்டது. 2018இல் அது வெளியிட்ட முதல் அகராதியில் 3,000 சொற்கள் இருந்தன. 2021இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உள்ளன. மருத்துவச் சொற்களும் அவற்றுள் அடங்கும்.
* செப்டம்பர் 23, பன்னாட்டுச் சைகை மொழிகள் நாள். மார்ச் 3, உலகச் செவித்திறன் நாள்.

மருத்துவமனையில் செய்யத்தக்கவை

பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றங்கள் பல உள்ளன. பெயரைக் கூவி அழைப்பதோடு எண்ணைத் திரையிலோ பலகையிலோ காட்டலாம். நோயாளியின் சீட்டிலும் படுக்கையிலும் அவருடைய செவித்திறன் நிலையைக் குறித்து வைத்தால், ஒவ்வொரு பணியாளரிடமும் அவர் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

சில இடங்களில் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஊடுகதிர்ப் படம் எடுப்பவர் தடுப்புக்கு அப்பால் நின்று, "மூச்சை அடக்குங்கள்" என்கிறார். அவ்வொலி கேளாதவருக்கு, விளக்கெரிந்தால் மூச்சை அடக்க வேண்டும், அணைந்தால் விடலாம் என்று முன்னரே காட்டிப் பழக்க வேண்டும். கண் பரிசோதனைக்காக அறையை இருளாக்கினால் சைகையும் மறைந்துவிடும். விளக்கை அணைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சைகை மொழியில் பேசுபவரின் வலக்கையில் நரம்புவழி மருந்தேற்றும் ஊசியைப் பொருத்தினால் அவர் பேச்சையே கட்டியதாகும். இயன்றவரை அவர் குறைவாகப் பயன்படுத்தும் கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுவைக்கு முன் கழற்றிய காதொலிக் கருவியை, மயக்கம் தெளிந்ததும் மீண்டும் அணிவிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தலையசைப்பைப் புரிதலாகக் கொள்ளக் கூடாது. "புரிந்ததா?" என்று கேட்டால், எல்லோருமே "ஆம்" என்று தலையசைத்துவிடுவர். "இந்த மாத்திரையை எப்போது, எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று காட்டுங்கள்" என்று கேட்டால் உண்மை விளங்கும். சொன்னதைத் திரும்பச் சொல்லச் செய்யும் இம்முறை, கேட்கும் திறன் உடையோர்க்கும் பயன்தரும்.

ஊருக்கெல்லாம் சொல்லும்போது

பேரிடர்க் காலத்திலும் தொற்றுநோய்க் காலத்திலும் செய்தி விரைந்து பரவ வேண்டும். ஒலிபெருக்கியால் மட்டும் அறிவித்தால் கேளாதோர் விடுபடுவர். தொலைக்காட்சி அறிவிப்பில் சைகைமொழி பெயர்ப்பாளரின் கையும் முகமும் தெளிவாகத் தெரியும் அளவிற்கு இடம் ஒதுக்க வேண்டும். காணொலிகளில் எழுத்துரை இடம்பெற வேண்டும். அவசர உதவி எண்ணும் பேச்சை மட்டுமே சார்ந்திருத்தல் ஆகாது. பிரிட்டனில் 2022 முதல், அவசர உதவிக்குக் காணொலி வழியே சைகை மொழியில் தொடர்புகொள்ளும் வசதி நடைமுறையில் உள்ளது. இவை அனைத்தையும் உருவாக்கும்போது கேளாதோரையே உடன் அமர்த்திக் கருத்துக் கேட்பது இன்றியமையாதது. பிழை எங்கே உள்ளது என்பதை அவர்களே முதலில் அறிவர்.

நிறைவாக

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் மருந்தாளுநராகவும் பணியாற்றப் போகிறீர்கள். மற்றவர்களும் என்றேனும் ஒருநாள் மருத்துவமனையில் ஒருவருக்குத் துணையாக நிற்பீர்கள். அப்போது தையற்காரப் பெண்ணை நினைவில் கொள்ளுங்கள். அவருக்கு முன்னே அமர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, கட்டி இருக்கும் இடத்தைப் படத்தில் காட்டி, பெயர்ப்பாளரின் துணையோடு ஒருவர் விளக்கியிருந்தால், அவர் வீணாக அஞ்சியிருக்க மாட்டார். அவருடைய மகளும் அன்று பள்ளியில் இருந்திருப்பாள். தம் மனத்தில் இருந்த வினாக்களை அவர் தாமே கேட்டு விடை பெற்றிருப்பார். கேளாத செவி உடையவர்க்கும் கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமைக்கு வழியமைப்பது கேட்கும் திறன் உடைய நம் அனைவரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. ஒலி எழுப்பாமல் பத்துச் சொற்களைக் கூறி, உங்கள் நண்பர் உதட்டசைவைக் கொண்டு எத்தனை சொற்களைச் சரியாக அறிகிறார் எனக் கண்டறிக. தவறியவற்றின் காரணத்தை எழுத்துகளின் பிறப்பிலக்கணத்தோடு ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.
2. டெங்குக் காய்ச்சல் தடுப்புமுறைகளைக் குறைந்த சொற்களாலும் படங்களாலும் விளக்கும் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

*குறுவினா*
1. 'கேள்வி' என்னும் சொல் மருத்துவரின் அறையில் எவ்வாறு இருபொருள் தருகிறது?
2. 'மருந்து', 'பருந்து' என்பன உதட்டசைவில் ஒன்றுபோலத் தோன்றுவது ஏன்?

*சிறுவினா*
1. முதியவரிடம் கத்திப் பேசுவது பயன் தராமைக்குக் காரணம் கூறுக.
2. கனடா உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சிறப்பை எழுதுக.

*நெடுவினா*
1. செவித்திறன் குறையுடையோர்க்கு மருத்துவச் செய்திகள் சென்று சேர்வதில் உள்ள தடைகளையும் அவற்றை நீக்கும் வழிகளையும் தொகுத்து எழுதுக.